ஆறடி நிலமும் ஒரு பழைய ரசீதும்

அப்பாவை அடக்கம் செய்ய நேரம் குறித்தாயிற்று. தாத்தாவும் பாட்டியும் துயிலும் குடும்பக் கல்லறையிலேயே அவரையும் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பங்கு அலுவலகத்துக்கு, அதாவது அந்த ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தின் அலுவலகத்துக்கு, வருகிறார்கள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ரசீது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து போய்விட்டது. தாத்தாவின் பெயரும் தொகையும் மட்டும் தெரிகின்றன. "இது எங்கள் இடம், காசு கொடுத்து வாங்கியது" என்கிறார் மூத்த மகன். எழுத்தர் மறுபேச்சுப் பேசாமல் பதிவேட்டைப் புரட்டுகிறார். அதில் 'வாங்கியவர்' என்று ஒரு பத்தியே கிடையாது. 'உரிமை பெற்றவர்' என்றுதான் இருக்கிறது.

கத்தோலிக்கப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் முளைவிடுகின்றன. அங்கே பொதுவாக நிலம் விற்கப்படுவதில்லை. குறிப்பிட்ட இடத்தில் அடக்கம் செய்யவும், நினைவுக் கல் நாட்டவும், அதைப் பேணவும் உள்ள உரிமை தரப்படுகிறது. மண் பங்கின் பெயரிலேயே இருக்கிறது. அந்த ரசீது கிரயப் பத்திரம் ஆகாது. குடும்பத்தினருக்கு அற்பமாகத் தோன்றும் விதிகள், அதாவது கல்லின் உயரம், பிளாஸ்டிக் பூவுக்குத் தடை, மூன்றாவது பெட்டியை வைக்கக் கூடாது என்பது போன்றவை, இந்த அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

மேலை மொழிகள் பலவற்றில் கல்லறைத் தோட்டத்துக்கு வழங்கும் சொல் 'கொய்மெத்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. துயிலும் இடம் என்பது அதன் பொருள். நமக்கும் இது புதிதல்ல. 'குராப்பள்ளித் துஞ்சிய' (துஞ்சுதல் என்றால் உறங்குதல்) என்று அரசனின் பெயருக்கு முன் அவன் இறந்த இடத்தைச் சேர்த்துச் சொன்ன மொழி இது. துயில்பவர் ஒருநாள் எழுவார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆகவே உடல் வீசி எறியப்படும் கழிவல்ல, உயிர்த்தெழுதலுக்காக மண்ணில் வைக்கப்படும் ஒன்று. திருச்சபையின் அடக்க விதிகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த நம்பிக்கைதான்.

1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு கல்லறைத் தோட்டத்தைப் புனித இடங்களின் வரிசையில் வைக்கிறது. ஆலயத்தைப் போலவே வழிபாட்டுக்கும் பக்திக்கும் உகந்தவையே அங்கே நடக்கலாம். ஆனால் அதைப் பற்றி இருப்பவை நான்கே சட்டங்கள், 1240 முதல் 1243 வரை. இயன்ற இடத்தில் திருச்சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கட்டும். இல்லாவிட்டால் பொது மயானத்தில் ஒரு பகுதியையாவது மந்திரித்துக்கொள்ளலாம், அதாவது செபம் சொல்லிப் புனிதப்படுத்திக்கொள்ளலாம். அதுவும் முடியாதபோது ஒவ்வொரு குழியையும் அடக்கத்தின்போது மந்திரிக்க வேண்டும் என்பது முதலாவது. பங்குகளும் துறவற சபைகளும் தமக்கெனக் கல்லறைத் தோட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்தது. ஆலயத்துக்குள் அடக்கம் கூடாது. திருத்தந்தை (போப்), கர்தினால், தம் சொந்த ஆலயத்தில் மறைமாவட்ட ஆயர், அதாவது பல பங்குகளுக்கு மேலான பிஷப், ஆகியோர் மட்டும் விலக்கு என்பது மூன்றாவது.

நான்காவதுதான் நமக்கு முக்கியம். கல்லறைத் தோட்டத்தின் ஒழுங்குக்கும் அதன் புனிதத்தைக் காப்பதற்கும் வேண்டிய விதிகளை அந்தந்த இடத்துச் சட்டம் வகுக்கட்டும் என்று 1243ஆம் எண் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. கல் எவ்வளவு உயரம் இருக்கலாம், ஒரு குழியில் எத்தனை பேர், உரிமை எத்தனை ஆண்டுகள் என்ற கேள்விகளுக்கு உரோமையில் விடை கிடையாது. மறைமாவட்டமும் பங்கும் எழுதிவைத்ததுதான் விதி. அதற்கு மேல் அந்நாட்டு அரசின் சட்டம் இருக்கிறது: மரணச் சான்று, அடக்க அனுமதி, குழியின் ஆழம், நீர்நிலையிலிருந்து தூரம். பக்கத்துப் பங்கில் அனுமதித்ததை இங்கே ஏன் மறுக்கிறார்கள் என்று சண்டை பிடிப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விதிகளை எழுதியே வைக்காத பங்குகளில், அப்போதைய பங்குத்தந்தையின் மனநிலைதான் விதி. அவர் மாற்றலாகிப் போனதும் விதியும் மாறிவிடும். என்னைக் கேட்டால், ஒரு கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவருக்கு முன்பே வேண்டியது அச்சிட்ட விதித்தாள்.

யாரை அடக்கம் செய்யலாம்? பங்குக்குக் கல்லறைத் தோட்டம் இருந்தால் அப்பங்கின் விசுவாசிகள் அங்கேதான் அடக்கம் செய்யப்பட வேண்டும். ஆனால் இறந்தவரோ அவர் சார்பில் பொறுப்புடையவர்களோ வேறிடத்தைத் தேர்ந்திருந்தால் அதற்குத் தடையில்லை என்கிறது 1180ஆம் எண். திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) ஆயத்தம் செய்துகொண்டிருந்த நிலையில் இறந்தவரும் இங்கே விசுவாசியாகவே எண்ணப்படுகிறார். திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்கு முன்பே இறந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபைச் சடங்கு உண்டு. பிற சபையைச் சேர்ந்த கிறிஸ்தவருக்கும், அவருடைய சபையின் போதகர் கிடைக்காதபோது, அவர் அதை மறுத்திருந்தார் என்று தெரியாத பட்சத்தில், ஆயர் இசைவு தரலாம்.

இந்தக் குழந்தைகளைப் பற்றிய வரியைச் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு திருமுழுக்குப் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. அப்படி மறுக்கப்பட்டவர்களுக்காக, மந்திரித்த நிலத்துக்குப் புறம்பே தனியாக அடைக்கப்பட்ட ஓர் இடம் இருக்கட்டும் என்றும் அது சொன்னது. பழைய கல்லறைத் தோட்டங்களில் சுவரோரமாகப் பெயரோ சிலுவையோ இல்லாத சின்னச் சின்ன மேடுகள் காணப்படுவதற்குக் காரணம் இதுதான். பிறந்த அன்றே பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வீடு திரும்பினாள். சிந்தித்துத் தெளிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் அதே இடம்தான்.

1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் மறுப்புக்குரியோர் பட்டியலில் தற்கொலை என்ற சொல்லே இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூலும், அதாவது திருச்சபையின் போதனைத் தொகுப்பும், சொல்கிறது. இன்று மறுப்பு எஞ்சியிருப்பது மூன்று வகையினருக்கு: விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்தவர் அல்லது திருச்சபையிலிருந்து பிரிந்தவர், விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு தகனத்தைத் தேர்ந்தவர், சடங்கு நடத்தினால் விசுவாசிகளுக்குப் பகிரங்க இடறலாகும் அளவுக்கு வெளிப்படையான பாவி. இவர்களும் சாவதற்கு முன் மனம் வருந்திய அறிகுறி ஏதேனும் காட்டியிருந்தால் தடை நீங்கிவிடும். ஐயம் இருந்தால் ஆயரைக் கேட்க வேண்டும். திருமண வழக்கு நிலுவையில் இருக்கிறது, பங்கு வரி பாக்கி இருக்கிறது, கோஷ்டித் தகராறில் எதிரணியில் நின்றார் என்பவை எந்தப் பட்டியலிலும் இல்லை. இக்காரணங்களைச் சொல்லி எங்காவது கல்லறைக் கதவைச் சாத்தினால், அது சட்டத்தின் வேலையல்ல, மனிதர்களின் வேலை.

இனி அடக்கம். 1969இல் திருத்தப்பட்ட சடங்குமுறை வீடு, ஆலயம், கல்லறை என மூன்று நிலைகளைக் கொண்டது. குழியருகே நடப்பது மிகச் சுருக்கமானது: மந்திரிக்காத இடமானால் குழியை மந்திரிப்பது, வாசகம், தீர்த்தம், தூபம், ஒப்படைப்புச் செபம். அதற்கு முந்தைய நாள் நடப்பதை உறவினர்கள் பார்ப்பதில்லை. ஏற்கெனவே ஒருவர் இருக்கும் குழியை மீண்டும் திறக்கும்போது குழி வெட்டுபவர் ஓரளவு ஆழத்துக்கு மண்வெட்டியை வீசி வெட்டுவார். மண்ணின் நிறம் மாறி, வெட்டு விழும் ஒலி தளர்ந்தவுடன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் கிளறத் தொடங்குவார். உளுத்துப்போன பலகைச் சில்லு, துருவேறிய கைப்பிடி, பிறகு எலும்புகள். அவற்றைத் துணியில் சேர்த்துக் கட்டிக் குழியின் அடியில் இன்னும் சற்றுத் தோண்டி வைத்து மண்ணிட்டு மூடிவிட்டு, அதன் மேல்தான் புதுப் பெட்டிக்கு இடம் செய்வார். பெட்டி இன்னும் உளுத்துப்போகாமல் இருந்தால் அந்தக் குழியை அப்படியே மூடிவிட்டு வேறு இடம் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒரு கல்லறையை மறுபடி திறக்க இத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும் என்று பங்கு பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அந்த இடைவெளியை மண்ணே தீர்மானிக்கிறது: காற்றோட்டமான மணற்பாங்கான நிலத்தில் குறைவு, நீர் தேங்கும் களிமண்ணில் அதிகம். காற்றுப் புகாமல் சிமெண்டால் கட்டிய அறையில் இன்னும் அதிகம். நிரந்தரமாக இருக்கட்டும் என்று ஆசையாகக் கட்டும் குடும்பங்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 1182ஆம் எண். பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், நடத்திய குரு என்று போகும். கல்லறைத் தோட்டத்துக்கென வரைபடமும், வரிசை எண்ணிட்ட தனிப் பதிவேடும் வைத்திருக்கும் பங்கு புத்திசாலிப் பங்கு. கல் சாயும், எழுத்து தேயும், குழி வெட்டுபவர் ஓய்வு பெறுவார். யார் எங்கே இருக்கிறார் என்பதை மறக்காமல் வைத்திருப்பது அந்த ஏடு ஒன்றுதான். அதைக் கறையான் தின்றுவிட்ட பங்கில் ஒவ்வோர் அடக்கமும் ஓர் ஊகம்.

தகனம் வந்த பிறகு விதிகளில் ஒரு புதிய பகுதி சேர்ந்தது. 1886இல் உரோமை தகனத்தைத் தடைசெய்தது. 1963இல் அத்தடை தளர்ந்தது; மறுமையை மறுக்கும் நோக்கம் இல்லையென்றால் தகனம் செய்யலாம், ஆனாலும் அடக்கமே விரும்பத்தக்கது என்ற இன்றைய நிலை அப்போது வந்தது. சாம்பலை என்ன செய்வது என்பதற்கு 2016இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை மடலில் தெளிவான பதில் வந்தது. கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைப்பது, உறவினர்கள் பங்கிட்டுக்கொள்வது, காற்றிலோ மண்ணிலோ நீரிலோ தூவுவது, நகையாகவோ நினைவுப் பொருளாகவோ செய்துகொள்வது ஆகியவற்றுக்கு இடமில்லை. கடுமை வேண்டுமென்று கடுமை காட்டியதல்ல இது. தூவப்பட்டவருக்கு இடமில்லை, இடமில்லாதவரை மூன்றாம் தலைமுறை மறந்துவிடும். சமூகத்தின் செபத்திலிருந்து ஓர் ஆள் நழுவிப்போகக் கூடாது என்பதே அம்மடல் சொல்லும் காரணங்களில் முதன்மையானது. பிறகு 2023 டிசம்பரில், பொலோஞ்ஞாப் பேராயர் கர்தினால் சூப்பியின் கேள்விக்குப் பதிலாகச் சற்று நெகிழ்வு வந்தது. பலரின் சாம்பலை ஒரே நிரந்தரப் புனித இடத்தில் கலந்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவரின் விவரமும் அங்கே குறிக்கப்பட வேண்டும். இறந்தவரின் வாழ்வோடு தொடர்புடைய ஓரிடத்தில் சாம்பலின் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம். இரண்டு பதில்களிலும் அழுத்தம் விழுவது பெயர் அழியக் கூடாது என்பதில்தான். கல்லறைத் தோட்டங்களுக்கு இதனால் ஒரு நடைமுறை ஆதாயமும் உண்டு: ஒரு பெட்டிக்கான இடத்தில் பல சாம்பல் பேழைகள் அடங்கும், சுவர் மாடங்களில் இன்னும் அதிகம்.

இடம் போதாமை பழைய சிக்கல். பாரிஸின் 'இன்னொசான்' கல்லறைத் தோட்டம் நூற்றாண்டுக்கணக்கில் பிணங்களை வாங்கி வாங்கி, கடைசியில் 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் உடைந்து உள்ளே சரியும் நிலைக்கு வந்து மூடப்பட்டது. அதன் எலும்புகள் பழைய கல் குவாரிச் சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. 1804இல் வந்த பிரெஞ்சு ஆணை ஒவ்வொருவருக்கும் தனிக் குழி, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே அக்குழியை மறுபடி திறக்கலாம் என்று வகுத்தது. குறித்த காலத்துக்கு உரிமை, முடிந்தால் புதுப்பித்தல், புதுப்பிக்காவிட்டால் மறுபயன்பாடு என்ற ஏற்பாடு பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. எலும்புகளை எடுத்துப் பொதுவான ஒரு மந்திரித்த குழியில் செபத்தோடு வைப்பதை அவமதிப்பு என்று திருச்சபை கருதியதில்லை. 'நிரந்தரம்' என்ற வாக்குறுதியை அது எந்தக் கல்லறைக்கும் சட்டமாக எழுதியும் தரவில்லை. குடும்பத்துக்கு இது வலிக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அறிவிப்புக் கொடுக்காமல், தேடிப் பார்க்காமல், ஒரு நாள் காலையில் கல்லைப் பெயர்த்து மூலையில் போடுவதற்கும், கல்லறையில் ஓராண்டு அறிவிப்பு ஒட்டிவைத்து, பூசையில் வாசித்து, பிறகு செய்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

பராமரிப்புக்கு வருவோம். பொதுவான பங்கீடு இதுதான்: பாதை, சுவர், மரம், புல் பங்கின் பொறுப்பு, கல்லும் அதைச் சுற்றிய அளவுக்குட்பட்ட இடமும் குடும்பத்தின் பொறுப்பு. கல் சாய்ந்து ஒருவர் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அடக்கம் முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத்தான் கல் வைக்கலாம் என்ற விதியும் இதனால் வந்ததே. தோண்டிப் போட்ட மண் மழையில் அமரும், உள்ளே பெட்டி மூடி உட்காரும். மேலே அவசரப்பட்டு நட்ட கல் முன்பக்கமாகத் தலைகுனியும். அதுவரை ஒரு மரச் சிலுவை போதும்.

கல் கழுவுவதில் நான் செய்த குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் பளிங்குக் கல்லில் பாசி கறுத்திருந்தது. கல்லறைத் திருநாள் நெருங்குகிறதே என்று கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றித் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு வெளுத்தது, எனக்குப் பெருமை. காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள்போல் சொரசொரப்பு, பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் பாதி கரைந்திருந்தது. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலத்தில் கரையும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். வெளுப்பானும் நல்லதல்ல, அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிந்து பிறகு மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். நல்ல தண்ணீர், மென்மையான தூரிகை, கீழிருந்து மேலாகத் தேய்ப்பது, பொறுமை: இவ்வளவுதான் வேண்டும். கம்பித் தூரிகை கூடாது. எண்ணெய் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உருகி வழிந்த மெழுகை ஆறவிட்டு, மரத்துண்டால் சுரண்டினால் வந்துவிடும்.

மெழுகுதிரியைக் கல்லின் மேல் ஏற்றக் கூடாது, கண்ணாடிக் குப்பி வைக்கக் கூடாது, வாடிய மாலையைக் குறித்த நாளுக்குள் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பூவுக்கு இடமில்லை என்ற விதிகளை எரிச்சலோடு படிப்பவர்கள், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கிய மாலைக் கம்பியை ஒரு முறை உருவிப் பார்க்க வேண்டும். மரம் நடக் கூடாது என்பதும் அப்படியே. இன்று ஒரு சாண் கன்று, இருபது ஆண்டில் பக்கத்துக் கல்லறையின் சிமெண்டுத் தளத்தைத் தூக்கிவிடும். கல்லின் அளவுக்கும் வாசகத்துக்கும் முன்அனுமதி கேட்பது வேறு காரணத்துக்காக. அது புனித இடம் என்பதால் நம்பிக்கைக்கு முரணான வாசகமோ சின்னமோ கூடாது. பணமிருப்பவரின் மாளிகை, பணமில்லாதவரின் மேட்டை மறைக்கவும் கூடாது. அடக்கத்தில் ஆள் பார்த்துச் செய்யக் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று 1181ஆம் எண் எச்சரிப்பது காணிக்கையைப் பற்றித்தான். ஆனாலும் அதன் நியாயம் கல்லின் உயரத்துக்கும் பொருந்தும்.

பணம் பற்றி ஒரு வரி. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267ஆம் எண். கல்லறைப் பராமரிப்புக்கென்று வாங்கிய தொகை ஆலயக் கோபுரத்தின் வண்ணமாக மாறியிருந்தால், நிதிக்குழுவிடம் கணக்குக் கேட்கக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்பவர், வழக்கமான நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கென, அதாவது விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கென, ஒப்புக்கொடுக்கக்கூடிய பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு. 2020இல் கொள்ளைநோயால் கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக அதை நவம்பர் மாதம் முழுவதற்கும் வத்திக்கான் நீட்டித்தது. அந்த ஒரு வாரத்துக்காக அக்டோபர் கடைசியில் மட்டும் புல் வெட்டும் பங்குகளையும் பார்க்கலாம்.

பங்கு அலுவலகத்தில் எழுத்தர் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். உரிமை அவர் பெயரில்தான் இன்னும் இருக்கிறது; அவர் இறந்தபின் யாரும் மாற்றி எழுதவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள், ஆகவே சட்டப்படி நான்கு கிளைக்கும் பாத்தியதை. கடைசி அடக்கம் பாட்டியுடையது. விதித்தாள் கேட்கும் இடைவெளி தாண்டியிருக்கிறது. உரிமை பெற்றவரின் சொந்த மகன் என்பதால் நாளைய அடக்கத்துக்குத் தடையில்லை என்று பங்குத்தந்தை கையெழுத்திடுகிறார். கல்லில் புதுப் பெயர் பொறிக்க மட்டும் அத்தைமார் மூவரின் சம்மதமும் வேண்டும். மூத்த மகன் ரசீதை மடித்து மீண்டும் உறைக்குள் வைக்கிறார். எழுத்தர் பேனாவை எடுத்து, தாத்தாவின் பெயருக்கு எதிரே காலியாகக் கிடந்த பத்தியில் எழுதுவதற்காக, அவர்களுடைய இப்போதைய முகவரியைக் கேட்கிறார்.